மியாட்டாவைத் தாழ்த்தும் கலை

மாஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5, மியாட்டா என்ற பெயரால் பரவலாக அறியப்பட்ட இரண்டு இருக்கைத் திறந்த கார், வளைவுகளுக்கென்றே பிறந்தது. ஜப்பானில் முதலில் விற்பனையான 1.6 லிட்டர் காரின் எடை 940 கிலோ மட்டுமே. அதன் நான்கு சக்கரங்களும் இரட்டை விஷ்போன் அமைப்பில், அதாவது மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள் சக்கரத்தைப் பற்றி அதன் சாய்வை நெறிப்படுத்தும் அமைப்பில், பொருத்தப்பட்டிருந்தன. இத்தகைய காரின் சஸ்பென்ஷனில் கைவைப்பவரின் தேர்ச்சி, அவர் எங்கே நிறுத்திக்கொள்கிறார் என்பதில்தான் தெரியும்.

வளைவில் காரின் பாரம் உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தாழத் தாழ இந்த மாற்றமும் குறையும். அம்மையம் 500 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், காரை 25 மில்லிமீட்டர் தாழ்த்துவதால் பாரமாற்றம் 5 சதவீதமே குறைகிறது. ஆனால் சக்கரம் மேலெழ இருந்த இடமும் அதனால் சுருங்கிவிடுகிறது. மியாட்டாவில் அந்த இடம் இயல்பிலேயே குறைவு. மிகையாகத் தாழ்த்திய காரில், சக்கரத்தின் எழுச்சிக்கு எல்லையாக நிற்கும் பம்ப் ஸ்டாப் வளைவின் நடுவிலேயே அழுந்தி, சஸ்பென்ஷன் சட்டென்று இறுகி, டயர் பிடியை இழக்கும். தோற்றத்துக்காக ஸ்பிரிங்கின் சுருள்களை அறுக்கும் வழக்கம் இந்த நல்ல காருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே சொல்ல வேண்டும்.

கார் எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங் பெரிதும் தீர்மானிக்க, எவ்வளவு விரைவாகச் சாய்ந்து அமைதியடையும் என்பதை ஷாக் அப்சார்பர் தீர்மானிக்கிறது. அதனுள் பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, அசைவின் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. கடினமான ஸ்பிரிங் அதிக விசையுடன் விரிய முனைவதால், அந்த விரிவை அடக்கும் வலுவும் ஷாக் அப்சார்பருக்குக் கூட வேண்டும். இந்தப் பொருத்தம் இல்லையேல் கார் மேடு தாண்டிய பின்னும் துள்ளிக்கொண்டே இருக்கும். மியாட்டாவின் சில வகைகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பர் ஒற்றைக் குழாய் வகையைச் சேர்ந்தது. அழுத்தமூட்டிய வாயுவை எண்ணெயோடு கலக்கவிடாமல் பிரித்து வைப்பதால், எண்ணெய் நுரைக்காமல், நெடுநேர ஓட்டத்திலும் அதன் குணம் மாறாமல் நிற்கிறது.

கைத்திறன் நுட்பமாக வெளிப்படும் இடம் புஷ்கள். விஷ்போன் கை சட்டத்தோடு சேரும் இடத்தில், இரு உலோகக் குழாய்களுக்கு இடையே ஒட்டப்பட்ட ரப்பரே புஷ் எனப்படுகிறது. கை அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு, பின் தன் நிலைக்குத் திரும்பும். கார் ஜாக்கியின் மேல் நிற்க, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முடுக்கினால், கார் தரையிறங்கியதும் ரப்பர் ஓயாத முறுக்கிலேயே இருந்து விரைவில் கிழியும், உயரமும் பிசகும். ஆகவே தேர்ந்த மெக்கானிக் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, காரின் முழுப் பாரமும் சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுதியாக முடுக்குகிறார்.

தாழ்ந்த காரில் சக்கரங்களின் தலை உட்புறமாகச் சாயும். கேம்பர் எனப்படும் இச்சாய்வைக் கீழ்க்கைகளிலுள்ள மையம் விலகிய போல்ட்டுகளைத் திருகித் திருத்தலாம். உயரத்தைத் திருகி மாற்றவல்ல சஸ்பென்ஷனாயின் ஒரு படி மேலே செல்லலாம்: சக்கரத்துக்கொன்றாக நான்கு தராசுகளில் காரை நிறுத்தி, இருக்கையில் ஓட்டுநரின் எடையை வைத்து, எதிரெதிர் மூலைச் சக்கரங்களின் கூட்டுப் பாரம் இரு பக்கமும் சமமாகும்வரை உயரங்களைச் சிறிது சிறிதாகத் திருத்தினால், கார் இடவளைவிலும் வலவளைவிலும் ஒரே சீராகத் திரும்பும்.