வானிலைச் செய்தியில் உயரம் எங்கே?

தொலைக்காட்சியில் வானிலைச் செய்தி பார்க்காதவர் இன்று அரிது. வங்கக் கடலில் வெண்மேகச் சுருள். மாவட்டங்களின் மேல் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்கள். புயல் எங்கே நிற்கிறது என்பது செயற்கைக்கோள் படத்தால் நன்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் படம் காட்டுவது மேகத்தின் மேற்பரப்பை. மேகத்தின் கீழும் உள்ளேயும் நடப்பதைப் பற்றி அறிவிப்பாளர் வாய் திறப்பதில்லை.

அதை நேரில் சென்று அளந்து வருவது பலூன். சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பறக்கவிடப்படும் பலூன்கள் நிமிடத்திற்குச் சுமார் 300 மீட்டர் ஏறுகின்றன. அவற்றில் தொங்கும் ரேடியோசோண்ட் கருவி வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை வானொலி அலைகளில் அனுப்புகிறது. பலூன் நகரும் பாதை காற்றின் திசையையும் வேகத்தையும் தருகிறது. சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடித்துவிடும்.

இந்த எண்களால் என்ன பயன்? ஈரக்காற்று மேலே ஏறினால் குளிரும். நீராவி நீர்த்துளியாகும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும். அதனால் அக்காற்று சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால், மேலும் ஏறி இடிமேகமாக வளரும். சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையை உயரவாரியாகச் சொல்வது பலூன்தான்.

சேர்வராயன் மலை வாசிகளுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். பலூன் அறிக்கையில் 850 மில்லிபார் என்று குறிக்கப்படும் மட்டமும் ஏறத்தாழ அதே உயரம்! வடகிழக்குப் பருவத்தில் மலையில் மோதப்போகும் காற்றின் ஈரமும் வேகமும் அந்த ஒரு வரியில் இருக்கின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோதும் ஏற்காட்டில் பெருமழை கொட்டியது. மலைப்பாதைகளில் மண் சரிந்தது. அத்தகைய நாளில் சேலம் மாவட்டம் முழுவதற்கும் ஒரே வண்ணம் போதுமா? சேலம் நகரைவிட ஏற்காடு 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளதே! கொட்டச்சேட்டில் காப்பி பறிப்பவருக்கும் சேலம் கடைவீதியில் நடப்பவருக்கும் வரும் ஆபத்து ஒன்றல்ல.

பலூனுக்கும் குறைகள் உண்டு. நடுக்கடலில் அதைப் பறக்கவிட நிலையமில்லை. அங்கே செயற்கைக்கோளே துணை. எனவே படத்தை நீக்கச் சொல்லவில்லை. அதனருகில் 850 மில்லிபார் காற்றையும் ஈரப்பதத்தையும் அரை நிமிடம் காட்டுங்கள் என்கிறோம். பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியக்கூடிய செய்தி இது. மலையில் மழை வலுக்குமுன் கீழே இறங்குவதா, வீட்டிலேயே தங்குவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு இது அவசியமும் கூட.