தம்மதாவா, பிசேத்தா?

நெட்ஃபிளிக்ஸில் 2019-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபுட்: ஆசியா' தொடரின் முதல் பகுதி பாங்காக். தொடரைப் பார்க்காதவர்கள்கூட ஜே ஃபாயை எங்காவது பார்த்திருப்பீர்கள்: கண்ணில் பனிச்சறுக்குக் கண்ணாடி, கரி அடுப்பு, எண்ணெயில் புரளும் நண்டு ஆம்லெட். 2017 டிசம்பரில் மிஷலின் நட்சத்திரம் வாங்கியவர். தையல் வேலை, தீ விபத்து, பிறகு வாணலி என்று அவர் வாழ்க்கையே திரைக்கதை மாதிரிதான். தொடர் அதை நன்றாகவே சொல்கிறது. அந்த ஆம்லெட் அப்போது ஆயிரம் பாட் அளவில் விற்றதிலும் எனக்குச் சண்டை இல்லை. உள்ளே அவ்வளவு நண்டு.

சண்டையெல்லாம் அதைத் தெருச்சாப்பாட்டின் முகமாக வைத்ததில்தான். தொடர் வந்தபோது பாங்காக்கில் குறைந்தபட்சத் தினக்கூலி 325 பாட். ஒரு ஆம்லெட்டுக்கு மூன்று நாள் உழைக்கணும். தெருவில் தினமும் சாப்பிடுகிற ஆள் இந்தக் கதையில் எங்கே?

தாய்லாந்து நூடுல்ஸ் கடைகளில் ஆர்டர் எடுக்கும்போது ஒரு கேள்வி வரும்: தம்மதாவா, பிசேத்தா? பிசேத் என்றால் கறித்துண்டு கொஞ்சம் கூடுதல், விலையும் பத்து பாட் போலக் கூடுதல். சொல் வேறொன்றுமில்லை, நம்ம 'விசேஷம்' அங்கே போய் அப்படி ஆகிவிட்டது. தம்மதா 'தர்ம'த்துக்குச் சொந்தம். சாதாரணம், எப்போதும் போல. சாப்பாட்டு ஆவணப்படங்களின் கேமராவுக்கு பிசேத் மட்டும்தான் தெரிகிறது.

ப்ராஜெக்ட் வேலையாக மூன்று மாசம் ஆன் நுட் பகுதியில் இருந்தேன். அறையில் அடுப்பு கிடையாது, ஒரு கெட்டில், சின்ன ஃப்ரிட்ஜ், அவ்வளவுதான். அங்கே வாடகை அறைகள் பலவும் இப்படித்தான். நான் எல்லாச் செலவையும் ஷீட்டில் போடுகிற ஜாதி. மாலிலும் டெலிவரி ஆப்பிலும் சாப்பிட்ட முதல் வாரத்தைவிட, காவ் கேங் கடைக்கு மாறிய பிறகு செலவு பாதிக்கும் கீழே போனது.

காவ் என்றால் சோறு, கேங் என்றால் குழம்பு. கண்ணாடிக்குப் பின்னால் பதினைந்து இருபது ட்ரே. விரலால் காட்டணும். சோற்றின்மேல் இரண்டு வகைக்கு 50 பாட் கொடுத்தேன், பொரித்த முட்டை வேண்டுமென்றால் இன்னொரு பத்து. குழம்பு ஆறிப்போயிருக்கும், சோறு மட்டும்தான் சூடு. ஒரு கரண்டி கிரீன் கறியில் இரண்டு துண்டு கோழி, நாலு கத்தரிக்காய். என்னடா இது, ஏமாற்றுகிறார்களா என்று தோணும். வாயில் வைத்தால்தான் விஷயம் புரியும். மிளகாயும் இறால் விழுதும் ஃபிஷ் சாஸும் சேர்ந்து, அந்த ஒரு கரண்டி ஒரு தட்டுச் சோற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்சம் குழம்பில் நிறைய சோறு இறங்கணும் என்று கணக்குப் பண்ணி வைத்த காரம் அது. எனக்கு இதுதான் சமையல் மேதைமை. ஸ்லோமோஷனில் எடுக்க அதில் எதுவும் இல்லை, பாவம்.

சாயங்காலம் இதே குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, காற்றோடு உப்ப ரப்பர் பேண்ட் சுற்றித் தருவார்கள். அப்படி வாங்கிப்போகிற பெண்களுக்கு 'பிளாஸ்டிக் பை இல்லத்தரசி' என்று தாய் மொழியில் பட்டப்பெயரே உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவரை, மூத்தவர் என்பதால் அந்த ஊர் வழக்கப்படி 'பீ' என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் 'நொங்', அதாவது தம்பி. இந்தப் பட்டப்பெயரைச் சொன்னதும் சிரித்தார். "ஒருத்திக்காகக் கேஸ், தேங்காய்ப்பால், ரெண்டு மணி நேரம். கட்டுப்படி ஆகுமா நொங்?"

இந்த மலிவு சும்மா வருவதில்லை. பல கடைகள் நடைபாதையில், பெரிய வாடகை இல்லாமல் நடப்பவை. குடும்பமே வேலை செய்யும், அதற்கு யாரும் சம்பளக் கணக்கு போடுவதில்லை. என் ஷீட்டில் மிச்சமானதில் ஒரு பங்கு அவர்களுடைய தூக்கம். நடைபாதை போனால் ஐம்பது பாட்டும் போச்சு. 2017 ஏப்ரலில் நகரம் முழுக்கத் தெருக்கடைகளை அகற்றப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், யாவராத்தும் காவ் சானும் இருக்கும் என்று மாநகராட்சி சொன்னது. இரண்டுமே டூரிஸ்டுகள் குவிகிற தெருக்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் சாப்பிட்டுவந்த தொங் லோ, எக்கமாய் நடைபாதைகள் காலியாயின. அதே வருஷக் கடைசியில்தான் மிஷலின் ஊருக்குள் வந்தது. கேமரா எதை எடுத்துவைக்கிறதோ, கிட்டத்தட்ட அதையேதான் மாநகராட்சியும் விட்டுவைத்திருக்கிறது. தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு உறுத்துகிறது.

2022 ஆகஸ்டில் 'மாமா' இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் பாக்கெட் 6 பாட்டிலிருந்து 7 ஆனது. வணிக அமைச்சகம் அனுமதித்துத்தான் ஏற்ற முடிந்தது, நாடு முழுக்கப் பேச்சு. ஒரு பாட் செய்தியாகிற ஊர் அது.

நியாயமாகச் சொல்லணும்: மேசையே இல்லாத, முக்காலியில் உட்கார்ந்து தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடும் ஜேக் புய் கறிக்கடையும் அந்தப் பகுதியில் வருகிறது. அந்த நிமிஷங்களை மட்டும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். சீக்கிரமே கதை ஜே ஃபாயிடம் திரும்பிவிடுகிறது. எனக்கு அங்கேயே ஒரு மணி நேரம் இருக்கணும் போலிருந்தது: எந்த ட்ரே முதலில் காலியாகிறது, யார் ஒரு வகையே போதும் என்கிறார், மாசக் கடைசியில் யாரெல்லாம் முட்டை வேண்டாம் என்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு.