கொம்பனித்தெருவும் காப்பிரியர் வரலாறும்

கொழும்பிலே பேரை வாவியை அடுத்துள்ள பகுதியொன்று தமிழிற் கொம்பனித்தெரு எனவும், சிங்களத்திற் கொம்பஞ்ஞ வீதிய எனவும் வழங்கும். ஆங்கிலத்திலோ, அடிமைத்தீவு எனப் பொருள்படும் 'சிலேவ் ஐலண்ட்' என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஒல்லாந்தர் தம் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடமாதலின் அப்பெயர் எழுந்தது. 2022ஆம் ஆண்டிலே, ஆங்கிலத்திலும் சிங்களப் பெயரையே வழங்குதல் வேண்டுமென அரசு பணித்தது. பழைய இழிவொன்று நீங்கிற்றென மகிழ்ந்தாரும் உளர். அம்மகிழ்ச்சி ஆராயத்தக்கது. கொம்பனி என்பது கடல் கடந்து வந்த வாணிகக் கொம்பனியைக் குறிக்குமென்பது பொதுவான கொள்கை. அங்ஙனமாயின், மும்மொழிப் பெயர்களுள் உடையானைச் சுட்டிய இரண்டும் நிலைக்க, அடிமையைச் சுட்டிய ஒன்றே அழிந்ததாகின்றது. இழிவு யாருக்கு? அடைக்கப்பட்டவனுக்கா, அடைத்தவனுக்கா?

இலங்கையில் வாழும் ஆபிரிக்க வழியினரைக் காப்பிரியர் என்கின்றோம். ஆபிரிக்கர் இந்நாட்டிற்கு வந்தது ஒருகாலத்தன்று. 1344இல் இங்கு வந்த இபுனு பதூதா, கொழும்பிலே ஒரு தலைவனிடம் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியர் இருந்தனரெனக் குறித்துள்ளார். பின்னர்ப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாய்க் கொணர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானியர் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் அடிமைகளை விலைக்கு வாங்கிப் படைவீரராக்கிக் கண்டிமீது ஏவினர். தம் உரிமையை இழந்தோரைக் கொண்டு பிறர் உரிமையைப் பறித்த இக்கொடுமை, கண்டிப் போர்களைப் பேசுவோர் வாயில் அரிதாகவே வருகின்றது. படை கலைந்தபின் அவருட் சிலர் புத்தளப் பகுதியிற் குடியமர்ந்தனர். சிரம்பையடியில் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.

இவர்களை நாம் எவ்வாறு நினைவுகூர்கின்றோம்? எம் மாணவரிடம் காப்பிரியர் யாரென வினவினால், பைலாப் பாடுவோர் என்ற விடையே விரைந்து வரும். பத்திரிகையாளர் சிரம்பையடிக்குச் சென்றால் மஞ்சாப் பாடலையும் ஆடலையும் எழுதித் திரும்புவர். விழா நடத்துவோர் அவர்களை மேடையேற்றிக் கைதட்டி அனுப்புவர். அப்பாடல்கள் போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவை போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்தவை. பாடும் இளையோர் பலருக்கே சொற்பொருள் முழுதும் விளங்குவதில்லை. தாய்மொழி ஏன் மறைந்தது, ஆண்டானின் மொழி ஏன் பாட்டாய் எஞ்சிற்று என்ற வினாவை எழுப்பாது தாளத்தை மட்டும் சுவைத்தல் நினைவுகூர்தலாகாது. அது விருந்தினர் களிப்பு.

பெயரும் அவ்வாறே. காபிர் என்ற அரபுச் சொல் இறைமறுப்பாளனைக் குறிக்கும். கீழை ஆபிரிக்கக் கரையில் இசுலாத்தைத் தழுவாதாரை அரபு வணிகர் அவ்வாறு அழைத்தனர். போர்த்துக்கேயர் அதனை எடுத்தாண்டனர். தென்னாபிரிக்காவில் அது வாயெடுத்துச் சொல்லத்தகாத வசையாயிற்று. இலங்கையிலோ அம்மக்கள் தாமே அதனைத் தம் இனப்பெயராகக் கொண்டுள்ளனர். அவர்கள் கொண்ட பெயரை மாற்ற நாம் யார்? ஆயினும் அதன் வரலாற்றைச் சொல்லாது வழங்குதலும் முறையன்று.

இனி, புகழ்பெற்ற ஒருவரை முன்னிறுத்தினால் இக்குறை தீருமெனக் கருதுவாருமுளர். எத்தியோப்பியாவிற் பிறந்து, அடிமையாய் விற்கப்பட்டு, தக்காணத்தில் அகமதுநகர் அரசின் முதலமைச்சராய் உயர்ந்து, மொகலாயரைத் தடுத்துநின்று 1626இல் மறைந்த மலிக் அம்பரை எடுத்துக்காட்டுவர். அவர் பெருவீரரே. எனினும் உயர்ந்த ஒருவரின் ஒளியிலே உயராத பல்லாயிரவர் மறைந்துபோதல் கூடாது. அமெரிக்காவில் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடக்கிய காட்டர் வூட்சன் இதனை நன்குணர்ந்தவர். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, 1912இல் ஹாவாட்டிலே கலாநிதிப் பட்டம் பெற்ற அவர் வேண்டியது வீரர் பட்டியலன்று. உலக வரலாற்றில் அம்மக்களுக்குரிய இடத்தையே அவர் கேட்டார். 1976இல் வாரம் மாதமாய் விரிந்தது. காலம் விரிந்த அளவிற்கு நோக்கும் விரிந்ததா என்பது வேறு வினா.

எமது சாய்ந்தமருதிலே எழுத்தறியாத மூதாட்டியும் பிலாலின் வரலாற்றை அறிவார். முதன்முதல் தொழுகைக்கு அழைத்த அபிசீனியர் அவர். அவ்வழைப்பின் இனிமையைச் சொல்வோர், சுடுமணலிற் கிடத்தி அவர் மார்பில் ஏற்றிய பாறையையும் சொல்லாது விடுவதில்லை. ஏற்றிய எசமானன் பெயரையும் மறப்பதில்லை. குரலும் பாறையும் ஒருங்கே நிற்கும் அவ்வரலாறு, சிரம்பையடி மக்களுக்கும் ஏன் வாய்த்தல் ஆகாது?

பாறையைச் சொல்லப் புகுந்தால் நம் கைகளும் வெளிப்படும் என்ற அச்சம் போலும்! 1659 முதல் 1661 வரை, போரும் பஞ்சமும் வருத்திய தஞ்சைப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழரை ஒல்லாந்தர் அடிமைகளாய் வாங்கி ஏற்றினர். அடிமைத்தளை நிறம் பார்த்து நின்றதன்று. மறுபுறம், 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே, காணி, சீதனம் ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. அவ்வடிமைகள் ஆபிரிக்கரல்லர், சாதியின் பெயரால் தமிழருக்கே அடிமைப்பட்ட தமிழர். தேசவழமையின் சீதன முறையை நுணுகி விளக்கும் அறிஞர் அப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர். 1816இல் தலைமை நீதியரசர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், இனிப் பிறக்கும் அடிமைக் குழந்தைகளை விடுவிக்க உடையோர் பலர் இசைந்ததையும், 1844இற் சட்டம் அடிமைமுறையை ஒழித்ததையும் ஈகையாகப் போற்றுவோர், அது நாள்வரை பயிர் விளைவித்தவர் யார், கோட்டைச் சுவரெழுப்பியவர் யார் எனக் கேட்பதில்லை.

எனவே எம் கருத்து இது. தெருவின் பெயர் எதுவாயினும் ஆகுக. பேரை வாவிக் கரையிலே மும்மொழியிலும் ஒரு கல் நாட்டப்படுதல் வேண்டும். அதிலே யார் அடைத்தனர், யார் அடைபட்டனர், எவ்வெந் நாடுகளிலிருந்து வந்தனர் என்பன பொறிக்கப்படல் வேண்டும். அதன் வாசகத்தை எழுதுமுன் சிரம்பையடி மக்களைக் கேட்டல் வேண்டும். பள்ளிகளிலே, மஞ்சாவை மேடையேற்றும் ஆசிரியர் அதற்கு முந்திய பாடவேளையில் 1707ஆம் ஆண்டுத் தொகுப்பின் அடிமைப் பகுதியை உயர்வகுப்பு மாணவரோடு இருந்து வாசித்தல் நன்று. மாணவர் சங்கடமான வினாக்களைக் கேட்பர், கேட்கட்டும்.