வாத்தின் முதுகில் ஒரு நாடு

பாடநூலாக எழுதப்பட்ட ஒன்று இலக்கியமாக நிலைப்பது அபூர்வம். ஸ்வீடனின் ஆசிரியர் சங்கம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நாட்டின் புவியியலைச் சொல்லித்தர ஒரு வாசிப்பு நூல் கேட்டது. செல்மா லாகர்லெஃப் எழுதிக்கொடுத்தார். ‘நில்ஸ் ஹோல்கெர்சனின் அற்புதப் பயணம்’ 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. 1909ல் இலக்கிய நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான்.

கதை எளிமையானது. விலங்குகளைச் சீண்டும் சோம்பேறிப் பையன் ஒருவன் சாபத்தால் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, வீட்டு வாத்தின் முதுகிலேறி, காட்டு வாத்துக் கூட்டத்தோடு தெற்கே ஸ்கோனேயிலிருந்து வடக்கே லாப்லாந்து வரை பறக்கிறான். மேலிருந்து முதன்முதலாகப் பார்க்கும்போது அவனுக்கு நிலம் கட்டம் போட்ட துணியாகத்தான் தெரிகிறது. அந்தக் கட்டங்கள் வயல்கள் என்பது கொஞ்சம் கழித்தே புரிகிறது. புவியியல் பாடம் இதைவிட நன்றாகத் தொடங்க முடியுமா என்ன?

நகரங்களையும் அவர் தகவலாகத் தருவதில்லை. கார்ல்ஸ்க்ரூனாவுக்குப் போனால் அரசன் சிலை இருட்டில் உயிர்பெற்றுப் பையனைத் துரத்துகிறது. நூறாண்டுக்கு ஒருமுறை கடலுக்கு மேலே வரும் வினேத்தா நகரத்தில் வணிகர்கள் பட்டையும் பொன்னையும் அவன்முன் விரிக்கிறார்கள். ஒரே ஒரு செப்புக்காசுக்கு ஏதாவது விற்றுவிட்டால் நகரம் பிழைத்துவிடும். கரையில் கிடந்த காசைச் சற்றுமுன்தான் அவன் அலட்சியமாகக் காலால் தள்ளியிருந்தான். ஓடிப்போய் எடுத்துவருவதற்குள் நகரம் மூழ்கிவிடுகிறது. படித்து முடித்தபின் நம் மனதில் தங்குவது ஊரின் பெயரல்ல, அந்தக் காசு.

ஆனால் மேலிருந்து பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உயரத்திலிருந்து எல்லாமே அழகுதான். பயணக் கட்டுரைகள் பலவும் தடுக்கி விழுவது இங்கேதான்: ஏரி, காடு, பனி, சுத்தமான தெரு, அடுத்த ஊர். லாகர்லெஃப் இதை உணர்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால்தான் ஓசா, மாட்ஸ் என்ற அக்காவையும் தம்பியையும் தரையில் நடக்கவிடுகிறார். காசநோய் அவர்கள் குடும்பத்தையே அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அதைச் சாபமென்று நம்பி ஓடிப்போன அப்பாவிடம், ‘இது சாபமில்லை, நோய்’ என்று சொல்லத்தான் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அந்த நடை. மால்ம்பெரியெத் இரும்புச் சுரங்கத்தில் வெடி விபத்தில் மாட்ஸ் இறக்கிறான். தம்பிக்குப் பெரியவர்களுக்குச் செய்வதுபோல மரியாதையான சவ ஊர்வலம் வேண்டுமென்று சுரங்க மேலாளர்முன் போய் நிற்கிறாள் ஓசா. நில்ஸ் பறந்து கண்ட ஸ்வீடன் முழுவதையும்விட இந்தச் சிறுமி நடந்து கண்ட ஸ்வீடன் எனக்குக் கனமானதாகப் படுகிறது.

குறையும் வடக்கில்தான் இருக்கிறது. அங்குள்ள இரும்பும் காடும் நாட்டின் எதிர்காலச் செல்வமாகவே விவரிக்கப்படுகின்றன. சாமி மக்கள் அன்பான மனிதர்களாக வருகிறார்கள், சரிதான். ஆனால் அந்த மண் முதலில் யாருடையது என்ற கேள்வி அழுத்தமாக எழவில்லை. தேசத்தை நேசிக்கக் கற்றுக்கொடுக்க வந்த நூலுக்கு அது சங்கடமான கேள்வியாக இருந்திருக்கும்.

எனினும் வேறொரு கேள்வியை லாகர்லெஃப் விடவில்லை. பிரியும் வேளையில் கிழட்டுத் தலைவி வாத்தான அக்கா நில்ஸிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறது: பூமி மனிதர்களுக்கு மட்டுமென்று நினைக்காதீர்கள், சில பாறைத் தீவுகளையும் சதுப்புகளையும் ஆழமில்லா ஏரிகளையும் எங்களுக்கு விட்டுவையுங்கள். அதுவரை பார்த்து ரசித்த காட்சிகளெல்லாம் அந்த இடத்தில் யாரோ ஒருவரின் வீடாக மாறிவிடுகின்றன. நூற்றாண்டு கடந்தும் இந்தப் பாடநூலைப் படிக்கவைப்பது அதுதான்.