நற்பண்பும் புறத்தேற்றச் சோதனைகளும்

சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ரோர்ஷாக் 1921 இல் வெளியிட்ட பத்து மைத்தடங்கள் பெரிதும் மனநோயைக் கண்டறியும் நோக்குடையவை. 1935 இல் மார்கனும் மர்ரேயும் படத்தைக் கண்டு கதை கூறும் சோதனையை வகுத்தனர். இத்தகைய புறத்தேற்றச் சோதனைகளால் நம்பிக்கை, நன்றியுணர்வு போன்ற நற்பண்புகளையும் அளக்கலாம் என்னும் கருத்தை ஈண்டு ஆராய்கிறோம்.

இக்கருத்தில் வலு உண்டு. வினாத்தாளில் தம்மை நல்லவராகக் காட்டுவது எளிது. தெளிவற்ற படத்திற்குக் கதை கூறுகையில் அஃது அரிது. ஆயினும், படக்கதைகளில் வெளிப்படும் ஊக்கமும் ஒருவர் தம்மைக் குறித்துத் தாமே கூறும் ஊக்கமும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. அவை இருவேறானவை என மக்லெலண்டும் அவருடன் ஆய்ந்த இருவரும் 1989 இல் காட்டினர். மேலும், நம்பிக்கை மிகுந்த கதையைச் சொன்னவர் நம்பிக்கை உடையவரா, அதற்கு ஏங்குபவரா? கதை மட்டும் இதனைத் தெளிவாக்காது. பொருள் காண்பவரின் உள்ளமும் விடையில் கலந்துவிடும்.

ஆகவே, ஆயர் பணிக்கு வருவோரை ஆராயும் நாம் இச்சோதனைகளை உரையாடலுக்குத் துணையாகக் கொள்ளலாம். தகுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. துன்பத்திலும் நிலைக்கும் பண்பைக் காண, அவர்களோடு பல நாள் உடனிருத்தல் வேண்டும். அப்பொறுப்பை மைத்தடத்திடம் ஒப்படைத்தல் தகாது.