ஏழு காய்க்குள் ஒளிந்திருக்கும் சொல்

ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்தான், எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் ஜெயிப்பார் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கொட்டாம்பட்டியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையிடம் அந்தப் பலகையை நீட்டினால், “எனக்கு இங்கிலீசு வராது சார்” என்று ஒதுங்கிவிடும். கேரம் பலகை முன்னால் இந்தத் தயக்கம் வருவதில்லை. உலகப் போட்டிகளின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஸ்கிராபிள் முன்னாலும் அது வர வேண்டியதில்லை.

நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், ஆங்கில உலகப் பட்டத்தை 5 முறை வென்றவர். அதைவிடப் பெரிய செய்தி அவருடைய 2015 வெற்றி. பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பிரெஞ்சில் பேச அவருக்குத் தெரியாது. ஒன்பது வாரம் உட்கார்ந்து சொற்பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு போனார். 2024-ல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானிய மொழிப் பட்டமும் அவருக்கே. 24 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும்தான் தோற்றார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத தாய்லாந்திலிருந்து 2003-ல் பனுபோல் சுஜ்ஜயகோர்ன், 2009-ல் பகோர்ன் நெமித்ரமான்சுக் என இரண்டு உலகச் சாம்பியன்கள் வந்துவிட்டார்கள். 2007-ல் மும்பையில் நடந்த உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் ரிச்சர்ட்ஸுக்கு எதிரே உட்கார்ந்தவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். 3-0 எனத் தோற்றார் என்றாலும், அந்த நாற்காலி வரை போனதே பெரிய சாதனை.

பொருள் தெரியாமல் எப்படி ஜெயிக்க முடிகிறது? இந்த ஆட்டத்தில் சொல்லின் பொருளை நடுவர் கேட்பதில்லை. எழுத்துக் கோவை பட்டியலில் இருக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். கையில் ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி என்ற ஏழு காய்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் அவற்றை அகரவரிசையில் அடுக்குவார். அந்த வரிசையைப் பார்த்ததுமே ரீடெயின்ஸ், நாஸ்டியர், ரெட்டினாஸ், ஸ்டெயினர் என்று சொற்கள் விழும். ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். அப்படி மனப்பாடம் ஏறாதவருக்கும் வழி இருக்கிறது. ஐ-என்-ஜி, இ-ஆர், இ-எஸ்-டி போன்ற வால்களைத் தனியே ஒதுக்குவது. ஆர்-இ, யூ-என் போன்ற தலைகளை முன்னால் நகர்த்துவது. மிச்சம் நிற்கும் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் மாற்றி மாற்றிப் பார்ப்பது. ஏழெழுத்துச் சிக்கல் இப்படி நாலெழுத்துச் சிக்கலாகச் சுருங்கிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் கியூ. பையில் இருக்கும் 100 காய்களில் கியூ ஒன்றுதான், மதிப்பு 10 புள்ளி. யூ வெறும் 4. யூ வரட்டும் என்று கியூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஐந்தாறு முறை ஆடுகிறவர், அத்தனை முறையும் ஆறு காயோடுதான் ஆடுகிறார். அவர் தோற்பது அங்கேதான். கியூ-ஐ என்ற இரண்டே எழுத்து செல்லும்; கியூ-ஏ-டி செல்லும். ஃபக்கீர், தலாக், நிகாப், புர்கா, கிப்லா, கவ்வாலி எல்லாமே யூ ஒட்டாத கியூவோடு உலகப் போட்டிகளுக்கான ஆங்கிலச் சொற்பட்டியலில் இருக்கின்றன. மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காதில் விழாத சொற்களா இவை? இட்லியும் தோசையும்கூட அதே பட்டியலில் உண்டு. எழுத்துக்கூட்டலை மட்டும் பிசகாமல் பழகிக்கொண்டால் போதும்.

2015-ல் பெர்த்தில் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேர், இங்கிலாந்தின் லூயிஸ் மக்கேயை 4-0 என வீழ்த்தி ஆங்கில உலகப் பட்டம் வென்றதையும் சொல்ல வேண்டும். நீண்ட சொல் கையில் இருந்தும் ஐந்தெழுத்துச் சொல்லை இறக்கி, நல்ல காய்களை அடுத்த முறைக்குச் சேமிப்பது நைஜீரிய அணியின் பாணி. எஃப்-இ-எல்-டி-ஒய் என்ற ஐந்தெழுத்தில் ஜிகேர் இறுதியாட்டத்தில் 36 புள்ளி எடுத்தார். நீளமான சொல் எதிராளிக்கும் பலகையைத் திறந்துவிடும் என்ற கணக்கு இதில் இருக்கிறது. ஆனால் புதிதாக ஆட வருகிறவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பேன். ஐம்பது புள்ளியைக் கண்ணால் கண்டு எடுக்கப் பழகிய பிறகுதான், எப்போது அதை விடலாம் என்பது பிடிபடும்.

2019-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி உலகப் பட்டியலில் 2 லட்சத்து 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எண்ணைக் கேட்டு மிரள வேண்டாம். அதில் இரண்டெழுத்துச் சொற்கள் 127 மட்டுமே. நாளுக்கு ஐந்து என்று நோட்டில் எழுதிப் பார்த்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்துச் சொல்லோடு ஒட்டி இணையாகக் காய் வைப்பதற்கும், ஒரே எழுத்துக்கு இரண்டு பக்கமும் புள்ளி வாங்குவதற்கும் அந்த 127 தான் ஆதாரம். அதற்கடுத்து யூ இல்லாத கியூ சொற்கள், அதற்கடுத்து இசட், எக்ஸ், ஜே வரும் மூன்றெழுத்துச் சொற்கள். கொட்டாம்பட்டி வட்டாரப் பள்ளிகளில் மழை நாளில் விளையாட்டு வகுப்பு வீணாகப் போகும்போது, நூலகத்தில் இரண்டு பலகை போட்டால் எட்டுப் பேர் ஆடலாம்.