மென்பொருளும் துறைமுகத்தின் மொழியும்

மென்பொருளைச் சமூகச் சார்பற்ற தொழினுட்பச் சாதனமாகக் கருதும் போக்கு நம்மிடையே வேரூன்றியுள்ளது. எரிக் எவன்ஸ் 2003இல் வெளியிட்ட ‘டொமைன் ட்றிவன் டிசைன்’ என்னும் நூல் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது. ஒரு தொழிலுக்கான மென்பொருள் அத்தொழிலின் கருத்துருவங்கள்மீதே கட்டப்படல் வேண்டும்; தொழிலறிந்தோரும் நிரலாளரும் ஒரே சொற்களைப் பேச்சிலும் நிரலிலும் வழங்குதல் வேண்டும் என்பது அதன் சாரம்.

நூலின் முக்கிய உதாரணங்களுள் ஒன்று கப்பற் சரக்குப் போக்குவரத்தாகும். கப்பலின் கொள்ளளவுக்கு மேலும் பத்து வீதம் பதிவு செய்யலாம் என்னும் வணிக விதி, நிரலினுள் வெறும் பெருக்கலெண்ணாக மறைந்துகிடக்கிறது. எவன்ஸ் அதனை வெளிக்கொணர்ந்து பெயரிடுகிறார். பெயர்பெற்ற விதியைத் தொழிலறிந்தோர் வாசிக்கலாம், கேள்விக்குள்ளாக்கலாம். இதுவே நூலின் முற்போக்கான கூறு.

ஆயின், திருகோணமலையில் நின்று நோக்குகையில் அதன் எல்லைகளும் புலனாகின்றன. எவன்ஸின் ‘சரக்கு’ தனி அடையாளத்துடன் துறைக்குத்துறை பின்தொடரப்படுவது. பிறிமா மாவாலைக்கு வரும் கோதுமையோ மொத்தமாகக் கொட்டி இறக்கப்படுவது, எண்ணப்படுவதன்று, அளக்கப்படுவது. ஓரிடத்து மாதிரியை மற்றோரிடத்துக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இதனினும் தெளிவான சான்று. 2022 ஜனவரி ஏற்பாட்டின்படி 99 தாங்கிகளுள் 14 லங்கா ஐஓசிக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் இணைந்த கம்பனிக்கும் ஒதுக்கப்பட்டன. ஒப்பந்தத்தில் தாங்கி ஒரு பங்கீட்டலகு. தொழிலாளிக்கோ அது மட்டமும் வெப்பநிலையும் அளந்து காக்கவேண்டிய கலன். சொல் சூழலுக்கேற்பப் பொருள் மாறும் என்பதை எவன்ஸ் ஏற்கிறார். ஒவ்வொரு சூழலுக்கும் எல்லை வகுக்கவும் சொல்கிறார். எச்சூழல் முதன்மை பெறும்? நிறுவனத்துக்குப் போட்டியில் மேலாண்மை தரும் பகுதியே மையக் களம் என்பது அவர் விடை. இங்கு மூலதனத்தின் நோக்கே அளவுகோலாகிறது.

அவரது மாதிரியில் ஏற்றுதலும் இறக்குதலும் நிகழ்வுகளாகப் பதிவாகின்றன. அனுப்புநரும் பெறுநரும் பணம் செலுத்துபவரும் இடம்பெறுகின்றனர். ஏற்றி இறக்குபவர் இல்லை. மாதிரி அனைத்தையும் அடக்கவேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும், எதை விலக்குகிறோம் என்பது எவர் பொருட்டு ஆக்குகிறோம் என்பதைக் காட்டிவிடுகிறது.

எனவே நாம் இம்முறையை நிராகரிக்கவில்லை. அதன் தருக்கத்தை முழுமையாக்கவே கோருகிறோம். ‘தொழிலறிந்தோர்’ என்பதில் இறங்குதுறையில் உழைப்போரும் அடங்கல் வேண்டும். அவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் வழங்கும் சொற்களைத் திரட்டாது, ஆங்கிலச் சொல்லுக்கு நிகர்ச்சொல் காண்பதோடு நமது கலைச்சொல்லாக்கப் பணி நின்றுவிடுமாயின், மென்பொருளில் எஞ்சுவது முகாமையாளரின் மொழி மட்டுமே.